பின்ன

பிப்ரவரி 2, ஞாயிறு

கண்டெய்னர் யார்டு சர்வரில் இடம் நிரம்பி கேட் பாஸ் அச்சாகவில்லை. அருள்பிரகாசம் அண்ணன் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சிஸ்டம் அட்மின் அவர்தான். நான் காண்ட்ராக்ட் ஆபரேட்டர். நான் கூப்பிட்டதும், அட்மினுக்கு மட்டுமான ரூட் பாஸ்வேர்டை ஃபோனிலேயே சொன்னார். "வேண்டாதத க்ளீன் பண்ணிடட்டாண்ணா?" என்றேன். பேண்டு சத்தத்துக்கு நடுவில், "பின்ன க்ளீன் பண்ணு சாண்ட்ரா" என்றார்.

அவர் சொன்னபடி பின் (bin) என்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே புரியாத பெயர்களில் ஏகப்பட்ட ஃபைல்கள். மொத்தமாக அழித்தேன்.

அதன்பிறகு எந்தக் கட்டளை அடித்தாலும் அப்படி ஒன்று இல்லை என்கிறது. ட்ரெய்லர்கள் எண்ணூர் ரோடு வரை நிற்கின்றன. ஒரு டிரைவர் ஜன்னலைத் தட்டி, "இன்னாமா, சிஸ்டம் பூட்ச்சா?" என்றார்.

பிப்ரவரி 3

அண்ணன் இன்னொரு மெஷினிலிருந்து எடுத்துப் போட்டுச் சரிசெய்தார். கணக்கு எதுவும் போகவில்லை.

விண்டோஸில் பின் என்றால் குப்பைத்தொட்டி. லினக்ஸில் அது பைனரியின் சுருக்கமாம். ஃபைலைக் காட்ட, நகலெடுக்க, அழிக்க — எல்லாருக்கும் வேண்டிய நிரல்கள் அதில்தான். அட்மினுக்கு மட்டுமானவை எஸ்பினில். அவை நம்பியிருக்கும் துணை நிரல்கள் லிப்பில். இவ்வளவு ஒழுங்காகப் பிரித்தவர்களுக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை?

"'பின்ன, பண்ணாமயா'ன்னு சொன்னம்மா, நீ இன்னாத்த பண்ணிவச்சுக்கீற!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5

விசாரணை வைக்கிறார்களாம். பாஸ்வேர்டு கொடுத்தது அவர்தான் என்று அண்ணனே சொல்லிவிடுவார். வாய் நிறையத் தங்கச்சி என்கிறவர்.

பிப்ரவரி 10

விசாரணை. ரூட் பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்று மேனேஜர் கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"தெர்ல சார். நான் டைப் பண்றப்போ பாத்துருக்கும்."

பாத்துருக்குமாம்! அப்ப நான் திருடியா? நீதானய்யா சொன்ன? ஃபோன் போட்டதற்கு அத்தாட்சி உண்டு, அதில் என்ன பேசினோம் என்பதற்கு இல்லை. ஐடி கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

"அந்தாளு வூட்டாண்ட போயி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்று அம்மா கிளம்பினாள். வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் தடுத்தேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயிலில், திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம், முன்வரிசையில் இருந்தவர் திரும்பினார். அண்ணன். கைகூப்பி, "சமாதானம்" என்றார். என் கையும் தானாகக் கூப்பியது. வாயும் சொல்லிவிட்டது.

மனசில் இல்லாத சமாதானத்தைப் பொய்யாகச் சொன்ன வாயோடு நற்கருணை வாங்க மனசு வரவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். அவர் போய் வாங்கிக்கொண்டு வந்து, கண்ணை மூடி முழந்தாளிட்டார்.