தீங்கில்லாத பிளேன்டி

ஜூன் 2, திங்கள்
இன்று காலை ஆறே காலுக்குப் பாலைத் துறந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வழக்கமான விறகுப் புகைதான். வானத்தில் வேறு அறிகுறி தென்படவில்லை. கன்றுக்குட்டிக்கு உரியதை மனிதன் குடிப்பது திருட்டு என்று ராக்காயிக்கு விளக்கினேன். "சரிங்க, பால்மா காசு மிச்சம்" என்றாள். மனைவியின் ஆதரவு கிடைத்துவிட்டது.

ஜூன் 5
தேனும் போயிற்று. நூலகத்தைப் பூட்டிவிட்டு வரும் வழியில், மஃறூப் நானா கடையில் பகிரங்கமாக அறிவித்தேன்: இனி எந்த உயிரையும் வருத்தாத, பாலில்லாத வெறும் தேநீரான பிளேன்டி மட்டுமே. நானா சீனி நிறுத்துக்கொண்டே, "மூட்டைக்குள்ள எறும்பு செத்து மௌத்தாகிக் கெடக்கும் தம்பி, பாத்துக்கோங்க" என்றார். கொட்டகலை ஊரே சிரித்தது.
சீனியும் போயிற்று.

ஜூன் 11
அடைமழை. கொழுந்து பறித்துவிட்டு வந்த ராக்காயி இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்தபோது ஒரு துணிப் பொட்டலம் விழுந்தது. உப்பு. அட்டைக்கு. காலில் ஏறினால் தொட்டு வைப்பார்கள், சுருண்டு செத்துவிடும். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. தேநீரோடு சேர்த்து யோசித்ததில்லை.
"ஒரு நாளைக்கு எத்தனை சாகும்?"
"நீங்க வந்து எண்ணுங்க."
கையிலிருந்த பிளேன்டியைக் கீழே வைத்தேன்.

ஜூன் 12
சுடுதண்ணீர்.

ஜூன் 13
இந்தக் குளிரில் சுடுதண்ணீரில் வாழும் அளவுக்கு எனக்கு ஞானம் போதாது. உப்பை வீட்டில் வைத்துவிட்டு, அட்டையை மெதுவாக எடுத்துப் புல்லில் விடும்படி ராக்காயியைக் கேட்டுக்கொண்டேன்.
"போய்ட்டு வான்னு சொல்லணுமா?"
ஆனாலும் வைத்துவிட்டுப் போனாள். மாலையில் பிளேன்டி. நல்ல சாயம்.

ஜூன் 17
அட்டைகளை வழியனுப்புவதில் நேரம் போய், கொழுந்து நிறை குறைந்து, ராக்காயிக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள். பாதிச் சம்பளம். இரண்டு காலிலும் கடிவாய், வழிந்து காய்ந்த ரத்தம். அடுப்பு பற்றவில்லை.
"ஒங்க தேத்தண்ணிக்கு ஏங் காலா? அது உசுரு, நா உசுரு இல்லியா?"
நூலகத்தை மறுபடி திறந்தேன். பதிலுக்கு மூன்று அலமாரி தேடினேன். ஒன்றிலும் இல்லை.
படுக்கும்போது சொன்னாள்: "ஞாயித்துக்கெழம கைக்காசுக்குக் கொழுந்தெடுக்குறோம். ஒங்களுக்கும் ஒரு கூடை இருக்கு."

ஜூன் 22, ஞாயிறு
போனேன். முதல் அட்டையை இலையில் ஏந்திப் புல்லில் விட்டேன். திரும்பி வந்தது. அதே அட்டைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வரவில் ஓர் உரிமை தெரிந்தது. பிறகு கணுக்கால். பிறகு முழங்காலுக்கு மேலே. பிறகு— அதை எழுத வேண்டியதில்லை.
"ஐயோ, அடியே, உப்பு எங்கடி!" என்று மூன்று மலைக்குக் கேட்கும்படி கத்தியது நான்தானாம்.
ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல இருக்குங்க. நீங்கதான வச்சிட்டு வரச் சொன்னீங்க."
பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த வீரம்மா: "அண்ணே, மெதுவா எடுத்துப் புல்லுல வுடுங்க!"

ஜூன் 23
மஃறூப் நானா கடையில் உப்பு இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒன்று சமையலுக்கு.