வந்தவர்கள் முன்னால் குடித்த தண்ணீர்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை, நீயாவது அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இரு. எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். நான் மாடிப்படியில் விழுந்ததாக அம்மா போனில் சொன்னது பொய். வலது மணிக்கட்டை உன் சித்தப்பா இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தான்.

செருப்புக் கம்பெனிக்காரர்கள் இரண்டாவது ஆலைக்கு இடம் பார்க்க வருகிற சமயத்தில் தெருத்தெருவாக வயிற்றுப்போக்கு கிளம்பியது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் குழாய்த் தண்ணீரைப் பார்த்தேன், காலராக் கிருமி இருந்தது, வழக்கம்போல் வாசல் பலகையில் எழுதி ஒட்டினேன். இதைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவான் என்று ஒரு கும்பல் வந்தது, கம்பெனி கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் உன் சித்தப்பாதான் அதற்குத் தலைமை. நோய் வந்த ஊருக்குப் பணம் திரும்பி வரும், நோயை மறைத்த ஊருக்கு வராது என்று நீ, முதலீட்டுக்கு ஊர்களை மதிப்பிடும் உன் ஆபீஸ் அனுபவத்தில் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். பதிலுக்குக் கம்பி வந்தது. நுண்ணோக்கியை மிதித்தே நொறுக்கினார்கள், மாதிரிப் புட்டிகளைச் சுவரில் அடித்தார்கள், என் உதவியாளரை அந்தக் கண்ணாடிச் சில்லுகள்மேல் முடியைப் பிடித்து இழுத்தார்கள். உன் சித்தப்பாவைப் படிக்க வைத்தவன் நான், தன் கல்யாணத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தவன் அவன், எதையும் நான் மறக்கவில்லை.

பிறகு நடந்த கூத்தைக் கேள். ஊர் சுத்தம் என்று காட்ட, வந்தவர்கள் கண்ணெதிரே கேண்டீன் குழாயில் பிடித்து எல்லோரும் குடிப்பது என்று சித்தப்பா ஏற்பாடு செய்தான். முதல் டம்ளரைத் தையல் பிரிவில் வேலை பார்க்கும் தன் மகளிடமே, நம் சின்னவளிடமே நீட்டினான், அவளும் சிரித்துக்கொண்டே குடித்தாள். வந்தவர்கள் கை தட்டிவிட்டுத் தாங்கள் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று, ஊருக்குள் வந்த ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அதன் பிறகு எந்த ஓட்டுநரும் வரச் சம்மதிக்கவில்லை.

மறுநாளே சித்தப்பா என் கதவை உதைத்தான். தோளில் சின்னவள் துவண்டு கிடந்தாள். “கார் சாவியக் குடுண்ணே” என்றான். காரைத் திறந்துவிட்டு, அவன் அவளைப் பின் சீட்டில் படுக்க வைக்கிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு இடது கையில் எடுத்த சுத்தியலின் பிடியால் அவன் முதுகில் என் பலம் முழுவதையும் இறக்கினேன், இரண்டாம் அடிக்கு முட்டி போட்டு விழுந்தான், திருப்பி அடிக்கவில்லை. அப்புறம்தான் சாவியை எறிந்தேன். என் கையால் ஓட்ட முடியாது, அவன்தான் இருமிக்கொண்டே ஓட்டினான்.

சின்னவள் பிழைத்துவிடுவாள் என்கிறார் மருத்துவர். அவளுக்கு அடுத்து நின்று குடித்த தையல் மேஸ்திரி செத்துவிட்டார். அந்தக் கோபத்தில், என்னை அடித்த அதே கும்பல் இப்போது கம்பெனி கேட்டைக் கொளுத்துகிறது.

நம் ஊர் விவகாரம் அறிக்கை எழுத உன் மேஜைக்குத்தான் வரும் என்று சொல்லியிருந்தாய். மகளிடம் சொல்லிக் கொஞ்சம் பூசி மெழுகி எழுதச் சொல்லுங்கள் என்று சித்தப்பா ஆள் மேல் ஆள் விடுகிறான், அவனுக்காக நீ ஒரு எழுத்தையும் மாற்றாதே. ஆனால் நேற்றுச் சின்னவள், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி குடிச்சுதான் இப்படி ஆச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க பெரியப்பா, கம்பெனி போயிடும்” என்றாள்.

கம்பி, கல், செத்த மேஸ்திரி, என் சுத்தியல், ஒன்று விடாமல் எழுது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, எந்த ஊராக இருந்தாலும். நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். முக்கியமாக ஒன்று, சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதையும் மறக்காமல் சேர்த்து எழுது.

இடது கையால்,
உன் அப்பா