பதினான்காவது சான்றிதழ்

ஒக்டோபர் 27, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். நமுனுகுல மலை தெரியவே இல்லை. பதுளை வரைக்கும் பஸ்ஸில் நின்றபடி. முழங்கால் பட்டியை வீட்டில் மறந்துவிட்டேன், பின்னேரம் வரை அனுபவித்தேன்.

அச்சுக்கடை வேலை: கல்யாண அழைப்பிதழ், டியூஷன் நோட்டீஸ், ஒரு மரண அறிவித்தல். மரண அறிவித்தலில் படம் தலைகீழ். முதலாளி நானா பார்ப்பதற்குள் திருத்திவிட்டேன்.

பகல் ஜெகன் அண்ணன் வந்தார். எங்கள் தோட்டத்து உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். சனிக்கிழமை கழகத்தின் வருடாந்த விருது விழா, இராப்போசனத்தோடு. 22 சான்றிதழ் அடிக்க வேண்டுமாம். பென் டிரைவை என் மேசையில் போட்டுவிட்டு நானாவோடு கிரிக்கெட் பேசப் போய்விட்டார்.

22இல் 16 ஆண்கள் அணிக்கு. இந்த வருடம் போன இடமெல்லாம் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்த அணி. சிறந்த ஒழுக்கம், சிறந்த முயற்சி, சிறந்த வருகை. தோற்கப் போவதற்கும் வருகைப் பதிவு இருக்கிறது போல. கிண்ணம் கொண்டுவந்த எங்கள் பெண்கள் அணிக்கு மிச்சம் ஆறு.

14ஆவது: வருடத்தின் சிறந்த வீராங்கனை, மு. தர்ஷிகா.

அது நான். ஜனவரியில் முழங்கால் போனதிலிருந்து பந்தைத் தொடாத நான்.

விளையாடியது கௌசல்யா. மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயது. பதினொரு கோலும் அவள் அடித்தது. போட்டியில் பதிய அடையாள அட்டை வேண்டும். அவளுடைய விண்ணப்பம் தோட்டத்து ஆபீஸ் மேசை லாச்சிக்குள் ஐந்து மாதம் தூங்கியது. அதனால் என் அட்டையில் அவளை இறக்கினார்கள். எங்கள் பக்கத்தில் இது நடப்பதுதான், எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. அட்டையில் இருக்கும் என் படம் பதினாறு வயதில் எடுத்தது, யாருக்கும் பொருந்தும்.

இது யாருடைய விருது என்று ஜெ. அண்ணனிடம் கேட்டேன்.

"ரெக்கோட்ல உன் பேரு தானே இருக்கு தங்கச்சி. வந்து வாங்கிட்டுப் போ."

வந்து வாங்கிக்கொண்டு போவதற்கு இது நிவாரண அரிசியா? கோபம் கோபமாக வருகிறது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கோபம்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: சவர்க்காரம், சீனி, அம்மாவின் பிரஷர் மருந்து. மருந்து மட்டும் மறந்தேன்.

வேலை முடிந்து கௌசல்யாவைப் பார்க்கப் போனேன். பரீட்சை முடிந்ததிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆறரைக்குப் போய் நாலரைக்கு வருகிறாள். படியில் உட்கார்ந்து காலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

அடையாள அட்டை போன வாரம்தான் வந்ததாம். கிண்ணமெல்லாம் வென்று முடித்த பிறகு. கல்வியியற் கல்லூரிக்கு, உடற்கல்விப் பாடத்துக்கு விண்ணப்பம் போடுகிறாள். நவம்பர் 7 கடைசி. விளையாட்டுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அவளிடம் அவள் பெயரில் இருப்பது ஒன்றே ஒன்று, ஐந்தாம் ஆண்டில் தவளைப் பாய்ச்சல், இரண்டாம் இடம்.

14ஆவதைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்புச் சிமிழை மூடினாள். பிறகு, "நீங்க போய் வாங்கிக்கங்க அக்கா. நான் கை தட்டுறேன். ஒங்களுக்கும் எங்கயாச்சும் உதவும்ல."

என்னைப் பார்த்து. அவளுக்காக வந்து நின்ற என்னைப் பார்த்து. எழுந்து வந்துவிட்டேன். பாதி வழியில் முழங்கால் வலித்தது, திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

இவளை எத்தனை நாள் பழக்கினேன். சீசன் தொடங்குமுன் கிரவுண்டில் நிற்கவைத்து "தர்ஷிகா, தர்ஷிகா" என்று கூப்பிட்டு, யோசிக்காமல் திரும்பும் வரை விடவில்லை. நடுவர் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது. முதல் ஆட்டத்தில் மூன்று தரம் கூப்பிட்டார்கள், மூன்று தரமும் சட்டென்று திரும்பினாள்.

ஒக்டோபர் 30, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுதினால் பேனை உடைந்திருக்கும்.

நேற்றுப் பின்னேரம் கழகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் வீட்டில் நீளக் காற்சட்டையோடுதான் இருப்பார். ஜெ. அண்ணனும் அங்கே. பிளேன்டீ கொடுத்தார்கள். விருதைக் கௌசல்யாவின் பெயருக்கு மாற்றச் சொன்னேன். சிறந்த வீராங்கனையைத் தெரிவு செய்வது கழகம், போட்டி நடத்தியவர்கள் இல்லையே என்றேன்.

மாற்றினால் யாராவது தோண்டுவார்கள், கிண்ணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்றார் தலைவர். பிரதம விருந்தாளி கிரவுண்டை மட்டமாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம், கிண்ணத்தைப் பார்த்துத்தான். அதுவும் போகுமாம். கிரவுண்ட் சரிவுதான், பந்து தேயிலைக்குள் உருண்டால் பாதி ஆட்டம் தேடுவதிலேயே போகும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக?

கௌசல்யாவையும் அவர்கள் மறக்கவில்லையாம். அவளுக்கு 'உற்சாகப் பரிசு' என்று பட்டியலில் 14க்குக் கீழே சேர்த்திருக்கிறார்கள். எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்று தட்டு.

"பொம்பளப் புள்ளைக்கு ஒதவும் தானே" என்றார் ஜெ. அண்ணன்.

பதினொரு கோலுக்கு மூன்று தட்டு. நியாயமா என்று கேட்டேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"கார்ட குடுத்தது யாரு?"

நான்தான். இரண்டு பேரும் கேட்டபோது சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதுகிறேன். இறுதி ஆட்டத்தில் மைக்கில் "தர்ஷிகா" என்று கத்தினார்கள். கோட்டுக்கு வெளியே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள், நான் மறுக்கவில்லை. கொழும்பில் இருக்கும் மாமா மகள் பேஸ்புக்கில் வாழ்த்துப் போட்டாள், ஒரு இதயம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ஆகவே கௌசல்யா சொன்னதில் தப்பில்லை. அதுதான் அப்படிச் சுட்டது.

இன்று கடையில் 22ஐயும் அடித்தேன். 14ஐ இரண்டு தரம். பட்டியலில் இருந்தபடி ஒன்று. 'ச. கௌசல்யா' என்று ஒன்று. முதலாவதை நாலாகக் கிழித்து, நானா காலைச் சாப்பாட்டுக்குப் பாண் சுற்றி வந்த கடதாசியோடு குப்பையில் போட்டேன்.

ஒக்டோபர் 31, வெள்ளி

பத்து மணிக்குத் தலைவர் கையெழுத்து வைக்கக் கடைக்கு வந்தார். 22ஐயும் கவுண்டரில் அடுக்கி, 14ஐ நடுவில் வைத்தேன்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மண்டபக்காரனோடு கோழித் துண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வைத்தார். ஒரு பேர்கூட வாசிக்கவில்லை. மூலையை மட்டும் தூக்கி, கையெழுத்து, அடுத்தது. ஆபீஸிலும் இப்படித்தான் வைத்திருப்பார். சீல் நான் குத்தினேன். சுருட்டி, சிவப்பு ரிப்பன் கட்டி, வெளியே நம்பர் துண்டு ஒட்டினேன்.

மைக்கில் வாசிக்கும் பட்டியல் ஜெ. அண்ணன் கையில். அதில் என் பெயர்தான். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மேடையில் ஏறி வாங்கி, இறங்கி, அவள் கையில் கொடுத்துவிடலாம். யோசிக்கும்போது லேசாக இருக்கிறது.

நவம்பர் 1, சனி

மேகமூட்டம். அம்மா தன் கல்யாணச் சேலையை எனக்கு அயர்ன் பண்ணுகிறாள். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டாள். வேன் மூன்றரைக்கு. கௌசல்யா வருவாளா தெரியாது.

நவம்பர் 2, ஞாயிறு

வந்தாள். வேனில் கடைசி சீட், என்னோடு பேச்சில்லை.

மண்டபம் பதுளை டவுனில். ஐந்து மணிக்கென்று போட்டிருந்தது, பிரதம விருந்தாளி வந்தது ஏழு பத்துக்கு. பொன்னாடை ஒன்பது. அதில் இரண்டு பேர் யாரென்று பக்கத்தில் கேட்டும் தெரியவில்லை. பேச்சு ஏழு. எல்லாப் பேச்சிலும் 'நமது சிங்கப் பெண்கள்'. அந்தச் சிங்கங்கள் பசியில் வாழைப்பழத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்களுக்குக் கதவோரத்தில் பிளாஸ்டிக் கதிரை, ஆண்கள் அணிக்குத் துணி போர்த்திய கதிரை.

சிறந்த வருகை விருது வாங்க வேண்டியவன் வரவில்லை.

பிறகு 14. ஜெ. அண்ணன் குரலை உயர்த்தி, "வருடத்தின் சிறந்த வீராங்கனை, தர்ஷிகா!"

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. முழங்கால் இல்லை, வெட்கம். கை தட்டுகிறார்கள், அம்மா பின்னாலிருந்து முதுகில் குத்துகிறாள். இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

கௌசல்யா எழுந்தாள். கடைசி வரிசையிலிருந்து நேராக நடந்து மேடையில் ஏறினாள். பிரதம விருந்தாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். படம் எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் கதிரையில் தட்டிய தட்டில் காது அடைத்துவிட்டது. ஜெ. அண்ணனின் வாய் மைக்குக்கு முன்னால் திறந்தபடி. தலைவர் கூரையைப் பார்த்தார். என்ன சொல்வார்கள்? இது தர்ஷிகா இல்லை என்று சொன்னால், அப்போ கிண்ணம் யார் வாங்கினது என்று கேட்பார்களே.

ஆனால் பட்டியல் கையில், வாய் தன்பாட்டில் வாசித்துவிட்டது. "உற்சாகப் பரிசு, கௌசல்யா."

அவள் அப்போதுதான் மேடையிலிருந்து இறங்கி, படிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

இந்த முறை என் கால் வந்தது. அம்மாவின் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். பிரதம விருந்தாளி, "நல்லா வெளையாடணும் மகள்" என்றார். சரிங்க சேர் என்றேன். டிபன் கேரியர் நல்ல பாரம்.

வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் போனாய் என்று கேட்டேன்.

"கூப்புட்டா ஒடனே திரும்பணும்னு நீங்க தானே சொன்னீங்க."

ரிப்பனை அவிழ்த்தாள். பெயரை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹாலிஎல தாண்டும் வரை திரும்பவே இல்லை. என் கையை மட்டும் பிடித்திருந்தாள்.

அம்மா இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. சுவரில் ஆணி அப்படியே.

நவம்பர் 3, திங்கள்

மழை. சாப்பாடு டிபன் கேரியரில்: சோறு, பருப்பு, கீரை. மூன்றாவது தட்டு சும்மா.

கௌசல்யா அரை நாள் போட்டுவிட்டு வந்தாள். சான்றிதழ் போட்டோ கொப்பி இரண்டு. விண்ணப்பம் பதிவுத் தபாலில் போட்டாயிற்று, துண்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

அவள் போன பிறகு ஜெ. அண்ணன். முகம் கொடுத்துப் பேசவில்லை. குரலை இறக்கி, சான்றிதழில் என்ன பேர் அடித்தாய் என்றார். விளையாடியவள் பேர் என்றேன். கல்லூரியிலிருந்து கேட்டால் என்ன சொல்வது என்றார். உங்கள் தலைவர் கையெழுத்து, உங்கள் சீல், பொய் என்றா சொல்வீர்கள் என்றேன். நானா கணக்குக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜெ. அண்ணன் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுக் குடையை விரித்தார். அடுத்த வருட அணிப் பதிவு. அடித்து வைக்க வேண்டுமாம், தலைவர் நாளைக்கு வந்து கையெழுத்து வைப்பாராம்.

பதினெட்டு பேர். முதல் பேர் ச. கௌசல்யா, அவளுடைய சொந்த அட்டை நம்பரோடு. சரி. மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். நான் இல்லை. ஏழு வருடம் இந்தக் கழகத்துக்கு ஓடினவள், முழங்காலைக் கொடுத்தவள், அட்டையைக் கொடுத்தவள். கண் எரிந்தது, கடை என்பதால் அழவில்லை.

பதினெட்டையும் அடித்தேன். கீழே பத்தொன்பது: மு. தர்ஷிகா, அட்டை நம்பரோடு.

தலைவர் வாசித்துப் பார்க்கிறவர் இல்லை.