காளி போக மீதி காலி

அத்தை,

உங்களைக் காலின்னு போட்டுட்டாங்க.

இன்னைக்குக் காலையில நம்ம தண்ணித்தொட்டிச் சுவர்ல நகராட்சி ஆள் ஒருத்தர் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. வார்டு உறுப்பினர் பதவி காலியாக இருப்பதால் இடைத்தேர்தல் என்று அதில் இருந்தது. நான் நின்று ரெண்டு தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. 'லி'தான் போட்டிருந்தார்கள். 'ளி' போட்டிருந்தால் நீங்க எங்கிருந்தாலும் சிரித்திருப்பீங்க.

அந்தக் கதை நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லுதேன். கேட்டுக்கிட்டிருந்தா வலிக்காது.

நீங்க கவுன்சிலராகி ஒரு வருசம் ஆகியிருந்தது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் பார்வையில் படிக்காமல் இருந்தேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்களுக்கு வீடு கட்டித்தர சர்க்கார் திட்டம் வந்தது. ஒவ்வொரு வார்டிலும் வீடு கட்டத் தோதான காலி இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கணும். இடம் காட்டுகிற வார்டுக்குத்தான் வீடு. ஓட்டுக் கேட்டுப் போன எல்லா வீட்டிலும், "ஒங்களுக்குச் சொந்தத்துல கூரை வாங்கித் தாரேன்"னு நீங்க சொல்லியிருந்தீங்க. அதனால் சர்வேயர் அண்ணாச்சி வந்திறங்கிய அன்னைக்கே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிட்டீங்க. நான் கூப்பிடாமலே பின்னால் வந்தேன்.

அண்ணாச்சி நிலத்தில் எத்தனை வகை உண்டு என்று நடந்துகொண்டே சொன்னார். நத்தம், தரிசு, புறம்போக்கு.

"அத்தை, அப்பா என்னைத் திட்டுத வார்த்தையெல்லாம் சர்க்கார் கணக்குலயே இருக்கே"ன்னேன்.

"தண்டச்சோறு இல்லையேலே."

"அது தரிசுக்குள்ள அடங்கிரும்மா"ன்னார் அண்ணாச்சி. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

யாரைக் கேட்டாலும் தன் இடத்தில் அடுத்த தையில் வீடு எழும்பப் போகிறது. அடுத்தவன் இடம் மட்டும் "சும்மாதான கெடக்கு". அந்தச் சும்மாவை எல்லாம் நீங்க ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தீங்க. ஒரு சும்மாவில் தீக்குச்சி காயப்போட்டிருந்தார்கள். ஒரு சும்மாவில் கீதாரி ஒருத்தர் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். "சும்மா கெடக்கலை அத்தை, கிடை கெடக்கு"ன்னேன். தலையில் குட்டினீங்க, ஆனால் சிரித்துக்கொண்டே குட்டினீங்க. இன்னொன்று நல்ல அகலமான இடம். அண்ணாச்சி எழுதவே ஆரம்பித்துவிட்டார். நீங்க குனிந்து, வேலிமுள்ளில் சிக்கியிருந்த சருகையும் குப்பையையும் காட்டினீங்க. இடுப்பு உயரத்துக்கு இருந்தது. "ஐப்பசியில இதுல ஓடை போகும் அண்ணாச்சி. வீட்டுக்குப் பதிலா தோணி குடுக்கணும்." அண்ணாச்சியும் தலையாட்டி, எழுதினதை அடித்துவிட்டார்.

கரிசலும் வேண்டாம் என்றீங்க. மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடித்து, சுவரையும் கூடவே பிளந்துவிடும். கடைசியில் மேற்கே சரள் மேடு ஒன்று கிடைத்தது. கடப்பாரையைப் போட்டால் டங்கென்று சத்தம் வருகிற கெட்டித் தரை. யாருக்கும் பாத்தியம் இல்லாத சர்க்கார் நிலம், தண்ணி நிற்காது, ரோடும் பக்கம். நீங்க அதன் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினீங்க. சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது. அண்ணாச்சி ஒரு மூலையில் கல்லை நட்டு, அதில் 'காலி' என்று எழுதிவைக்கச் சொல்லி நகராட்சிப் பெயிண்டரிடம் ஏவிவிட்டுப் போனார்.

பெயிண்டருக்கு நாக்கிலும் சரி, பிரஷிலும் சரி, எந்த லகரமும் ஒண்ணுதான். சிவப்புப் பெயிண்டில் அழகாக, பெரிசாக, 'காளி' என்று எழுதிவிட்டார்.

மறுநாள் காலையில் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வேப்பங்குலை கட்டியிருந்தது. எலுமிச்சம்பழம் நாலைந்து. கண்ணாடி வளையல். யாரோ தேங்காயும் உடைத்திருந்தார்கள்.

ஊரே முதலில் என்னைத்தான் பார்த்தது. அப்பா டீக்கடையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். நீங்க ஒரு வார்த்தையில் நிறுத்தினீங்க: "இவனா இருக்காது. இவனுக்கு லகர ளகரம் மட்டும் சுத்தமா வரும். அதை வச்சுத்தான எல்லார் பேரையும் கெடுக்கான்." எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அத்தை அது. பள்ளிக்கூடத்தில் கொடுத்ததில்கூட அவ்வளவு உண்மை இல்லை.

சர்வேயர் அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. "சாமி கும்புடுத இடத்தைக் காலின்னு நான் எழுத முடியாதும்மா. திங்கக்கெழம பட்டியல் கலெக்டர் ஆபீஸ் போவுது. வேற இடமும் இல்ல. நம்ம வார்டு விட்டுப்போயிரும்"னார். பெயிண்டரை அழைத்து அழிக்கச் சொன்னதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "காளிய நான் அழிக்கதா? அவ என்னைய அழிச்சிருவா."

தேங்காய் உடைத்தது யார் என்று விசாரித்தால், செல்லக்கனி அக்கா! தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற, கைப்பிள்ளையோடு வருசத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிற அதே செல்லக்கனி அக்கா. வீடு வேணும் என்று உங்களிடம் முதலில் வந்து அழுததும் அவள்தான். இப்போது கல்லுக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறாள். கூட வந்த பெண்களும் அப்படித்தான். வீடு வேணும், ஆனால் சாமி இடத்தில் கடப்பாரை போட மாட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அது எழுத்துப் பிழை என்று கத்தியிருப்பார்கள். நான் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். நீங்க என் வாயைக் கையால் பொத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினீங்க. கல்லுக்கு முன்னால் போய் விழுந்து கும்பிட்டு, பொட்டு எடுத்து வைத்துக்கொண்டு, அங்கனயே சம்மணம் போட்டு உட்கார்ந்தீங்க.

"ஏட்டி செல்லக்கனி, அம்மா எதுக்கு இங்கன வந்திருக்கா?"

"தெரியலையே மதினி."

"இம்புட்டு நாளும் இந்த மேட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருக்காளா?"

"இல்ல மதினி."

"நாம வீடு கெட்டப் போறோம்னதும் வந்துட்டா. அப்போ எதுக்கு வந்திருக்கா? குடி வந்திருக்காட்டி! நமக்கு முந்தி மனை கேட்டு வந்து உக்காந்திருக்கா. அவளுக்கு ஒரு மனையக் குடுத்துட்டு, அக்கம்பக்கத்துல நாம இருப்போம். இந்தப் பொட்டல்ல அவளை ஒத்தையில விட்டுட்டுப் போனா, வெளக்கு ஏத்த ஆரு இருக்கா? நீ அந்தக் கோடியிலேர்ந்து தெனமும் நடந்து வருவியா?"

செல்லக்கனி அக்கா கைப்பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அப்போ எனக்கு அம்மா பக்கத்து மனை வேணும் மதினி"ன்னாள். உடனே நாலு பேர் அதே மனைக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள். நீங்க திரும்பி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணடித்தீங்க.

நான் உங்க காதில் சொன்னேன்: "காளி போக மீதி காலி." நீங்க அதை அப்படியே எடுத்து அண்ணாச்சியிடம் சத்தமாகச் சொல்லிட்டீங்க. அண்ணாச்சி வரைபடத்து மூலையில் சின்னதாக ஒரு சதுரம் போட்டுக் கோயில் என்று எழுதி, மிச்சத்தைக் காலி என்று எழுதினார். இன்னைக்கும் ஊரில் அதை நீங்க சொன்னதாகத்தான் சொல்லுதாவ. என் பேரைக் காணோம். போகட்டும். உங்க வாயில் வந்ததால்தான் அது வேலை செய்தது; என் வாயில் வந்திருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

வீடுகள் எழும்பின. காளி நகர் என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். நீங்க ஒரு வீடு விடாமல் பால் காய்ச்சப் போய், ஒரு வீடு விடாமல் பாலைக் குடித்து, ரெண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தீங்க. உங்களுக்கும் ஒண்ணு எழுதிக்கிட்டா என்ன என்று அப்பா கேட்டதற்கு, "நான் குடுத்த பட்டியல்ல என் பேரா? படிக்கும்போது எனக்கே கண்ணு கூசாதா?" என்றீங்க. மாமா லாரியில் பாதி வருசம் வெளியூர். "எங்க ரெண்டு பேருக்கு இந்தச் சந்துக்குள்ள வாடகை வீடே தாராளம்"னு அங்கனயே இருந்துட்டீங்க.

போன மாசியில், ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வேனில் கொண்டுவந்தோம். சந்து வாசலில் வீட்டுக்காரர் நின்றார். கெட்டவர் இல்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "தப்பா நெனைக்காதீங்க. உள்ள வைக்க வேண்டாம். அப்புறம் ஆரும் குடி வர மாட்டாவ. நேரா கொண்டு போயிருங்க"ன்னார். மாமா வேனுக்குள்ளேயே உங்க தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எதற்கும் ஒரு சொல் இருக்கும் அத்தை. அன்னைக்கு ஒண்ணுமே வரவில்லை.

செல்லக்கனி அக்காதான் வந்தாள். பின்னாலேயே காளி நகர் முழுசும் வந்தது. "ஏன் நிக்குது வண்டி? எங்க மதினிய எங்க வீட்டுக்குக் கொண்டாங்க"ன்னாள். "என் வீட்டு வாசல் அகலம், சனம் நிக்கலாம்"னு இன்னொருத்தி. "நான் கட்டிலை வெளிய போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்"னு மூணாவது. தெரு நடுவில் நின்று அழுதுகொண்டே சண்டை போட்டார்கள். கடைசியில் செல்லக்கனி அக்கா வீட்டில்தான் வைத்தோம். ராத்திரி முழுக்க அந்தத் தெருவில் ஒரு கதவும் சாத்தவில்லை.

இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பா கடையில் நிற்கிறேன். ஊருக்குப் புதுசாக வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டு, வாடகைக்கு வீடு இருக்கா என்று கேட்பார்கள். நானே கூட்டிட்டுப் போறேன். வாடகை, அட்வான்ஸ் பேச்செல்லாம் அப்புறம். வீட்டுக்காரரிடம் நான் முதலில் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குதேன்: "அண்ணாச்சி, இந்த வீட்டுல சாகலாமா?"

பாதிப் பேர் அடிக்க வாராவ. சில பேர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, "சாகலாம்டே. அதுக்கென்ன"ங்காவ.

அந்த வீட்டுக்குத்தான் ஆளைக் குடி வைக்கிறேன், அத்தை.