அத்தா கொடுத்த ஜகாத்

அன்பு மனைவி மஹீராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சார்ஜாவில் நான் சுகம். கொடைக்கானல் குளிரில் அத்தாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

"ஏலே ஷமீரு, பேங்குல பணம் நெறையக் கெடக்கு. அதுலேருந்து எடுத்து உன் பேரச் சொல்லி ஏழைங்களுக்கு ஜகாத் கொடுத்துட்டேன்" என்று போனில் அத்தா பூரித்துப்போனார். பேங்க் மெசேஜில் அவர் பார்த்தது நம் பணமே இல்லை. நம் பூண்டுக் கடை மூழ்காமலிருக்க நான் வாங்கிய ஓவர்டிராஃப்டில் இன்னும் எடுக்காமல் மிச்சமிருக்கும் கடன் அது. நான் அனுப்புவதெல்லாம் அதன் வட்டிக்கே போகிறது. வட்டி ஹராம் என்றே வாழ்ந்த மனிதரிடம் இதை எந்த வாயால் சொல்வேன்?

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மலைப்பூண்டு கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. என் சாப்பாட்டை நினைத்துக் கவலைப்படாதே. இங்கே பள்ளிவாசலில் ஏழைகளுக்கு ஜகாத் அரிசி கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன். அத்தாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஷமீர்