நேராய் வந்தால், தலைகீழாய் வந்தால்

அளவெட்டி
3.3.1992

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம்.

மாமா கேட்டது 304 சீட்டாட ஒரு காட்ஸ் கட்டு. நீங்கள் அனுப்பியது என்ன? கொழும்பிலிருந்து லூர்த்தம்மா அக்கா நேவிக்குப் பயந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளாலிக் கடலால் கொண்டுவந்த பார்சலைப் பிரித்தால், எழுபத்தெட்டுப் படங்கள். குதிரையில் ஒரு எலும்புக்கூடு. தலைகீழாய்த் தொங்குகிற ஒருவன். மாமா மத்தியானமே கூட்டாளிகளைக் கூப்பிட்டு இருத்தி வைத்திருந்தார். "உவன் கண்ணை மூடிக்கொண்டே கடைக்குப் போனவன்?" என்று கத்தினார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். என் கடிதங்களையும் அப்படித்தான் வாசிக்கிறீர்கள். எங்களை எப்போது கூப்பிடுவீர்கள் என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீங்கள் குளிரைப் பற்றி எழுதுகிறீர்கள்.

உள்ளே ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. நடக்கப்போவதைப் பார்க்கிற படங்களாம். எறிய மனமில்லை. அகராதியோடு இருந்து படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
பத்மாசினி

லண்டன்
20.5.1992

அன்பின் பத்மாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பெட்டியில் காட்ஸ் என்று போட்டிருந்தது, எடுத்தேன். அதற்கு இவ்வளவு வியாக்கியானமா? எனக்கு வேலையால் வந்து காலை நீட்டவும் நேரமில்லை.

நீர் குறிகாரியாகிவிட்டீர் என்று லூர்த்தம்மா அக்கா இங்கேயிருக்கிற தன் தம்பிக்கு எழுதியிருக்கிறா. கண்டவன் எல்லாம் சிரிக்கிறான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனுசி செய்கிற வேலையா இது? அடுப்பில் போடும்.

கூப்பிடுகிற விஷயம் பிறகு எழுதுகிறேன். வசதியான இடம் இன்னும் கிடைக்கவில்லை.

உமது,
சீவரத்தினம்

அளவெட்டி
1.8.1992

அன்பின் அத்தானுக்கு,

குறி சொல்ல எனக்குத் தெரிந்தால்தானே! ஒவ்வொரு படத்துக்கும் நேராய் வந்தால் ஒரு கருத்து, தலைகீழாய் வந்தால் வேறொன்று. பாதிதான் எனக்கு மனப்பாடம்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமிக்குப் பொறுமை இல்லை. கொழும்புக்குப் போன மகனிடமிருந்து சேதி இல்லையென்று, தலை தோய்ந்து, தட்டத்தில் வெற்றிலை கற்பூரத்தோடு வந்து நின்றா. என்னைக் காட்ஸ் கட்டைத் தொடவும் விடவில்லை. "கோயிலிலை பூக்கட்டிப் பார்க்கேக்கை ஆர் எடுக்கிறது? பிள்ளைதானே! வாணியைக் கூப்பிடு" என்றா. எங்கள் பிள்ளை கண்ணை மூடி எடுத்தது எலும்புக்கூட்டை.

"சாவில்லை மாமி, மாற்றம் எண்டுதான் போட்டிருக்கு" என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டது? ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்டிவிட்டா. அடுத்த கிழமை மகன் மீசையை வழித்துக்கொண்டு வந்து இறங்கினான். மாற்றம்தானே! அன்றிலிருந்து படலை வாசலில் சனம். துரத்துவதே என் வேலை.

இடம் கிடைத்ததா?

பத்மாசினி

லண்டன்
11.10.1992

பத்மா,

சிரிக்கவேண்டாம். நீர் அந்தக் காட்ஸ் கட்டை எரித்திருக்க மாட்டீர் என்று தெரியும்.

இடம் அல்ல காரணம். ஏழு வருஷம் தனியே இருந்து பழகிவிட்டேன். உங்களைக் கூப்பிட்டால் சரிவருமோ தெரியாது. வேறு சிக்கலும் இருக்கிறது, எழுத முடியாது. ஒரு முடிவுக்கு வர முடியாமல் விசர் பிடிக்கிறது.

வாணியைக் குளிக்க வார்த்து, ஒரு படம் எடுப்பியும். நேராய் வந்தால் இருவரையும் கூப்பிடுகிறேன். தலைகீழாய் வந்தால் என்னை மறந்துவிடும். கடவுள் விட்ட வழி.

சீவரத்தினம்

அளவெட்டி
28.12.1992

வாணியின் அப்பாவுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். அதுவும் உங்களுக்குத் தெரியட்டும்.

இத்தனை வருஷம் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் பதிலை. அதைப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போகும்போது அவள் வயிற்றில் இருந்தாள். படம் தலைகீழாய் வந்தால், வளர்ந்த பிறகு "நான்தானே அம்மா பிழையாய் எடுத்தனான்?" என்று கேட்பாள். நான் என்ன சொல்ல?

வாணி எடுக்க மாட்டாள். நானும் எடுக்க மாட்டேன். கூப்பிட விருப்பமா இல்லையா என்று நீங்களே எழுதுங்கள். அந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள், தாங்குவேன். சித்திரை வரை பார்ப்பேன். கடிதம் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இப்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பாவுக்கோ எழுதுறியள்? என்ரை பல்லு விழுந்ததை எழுதுங்கோ" என்கிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

பத்மாசினி