எறும்பு ஏறிய கண்ணன்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். என் பழம்பொருள் கடையில் கண்ணன் படத்தில் எறும்பு ஏறிவிட்டது.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது வாங்கிய படம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பலகையில் வரைந்து பொன்தகடு ஒட்டியது. கையில் வெண்ணெய், கன்னத்தில் வெண்ணெய், முழியில் திருட்டுத்தனம். நூறு வயதுக்குக் குறையாது. கீழ் மூலையில் ஒரு விரிசல், அதன் வழியாகச் சாரை சாரையாகப் போக்குவரத்து. தண்ணீர் பட்டால் வண்ணம் போச்சு. மருந்து அடித்தாலும் போச்சு. மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டி இரண்டு மணி நேரம். இடுப்பு கழன்றுவிட்டது.

சனிக்கிழமை ஒரு மில் முதலாளி படத்தைப் பார்க்க வருகிறார். பழைய படம் சேர்ப்பவர், பேரம் பேசாதவர். எட்டு மாதமாக நான் காத்திருந்த ஆள்.

வாங்க: மஞ்சள்தூள், புது பிரஷ், வீட்டுக்காரரின் (வீ.கா.) ரத்த ரிப்போர்ட்.

ஜூலை 9, புதன்
ரிப்போர்ட். வெறும் வயிற்றில் சுகர் 212. காபிக்குக்கூடச் சர்க்கரை இல்லாமல் மூன்று மாதம். எப்படி ஏறும்? டாக்டரம்மா என்னைத்தான் முறைத்தார். "ஊட்ல எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களாங்க?" வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. வீ.கா. சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் மறுபடி எறும்பு. மஞ்சள்தூளைச் சுற்றிக்கொண்டு போகிறது, கெட்டிக்கார ஜாதி.

ஜூலை 10, வியாழன்
சத்தியமங்கலத்துக்குப் பித்தளைச் சாமான் பார்க்கக் கிளம்பினேன். பார்ட்டி ஊரில் இல்லை என்று போன். பாதி வழியில் திரும்பினேன்.

கடைக்குள் நுழைந்தால், கண்ணன் முன்னால் வீ.கா. படத்துக்கு ஒரு மல்லிகை. ஒரு கையில் பொட்டலம், மறு உள்ளங்கையில் நாட்டுச்சர்க்கரை. "உனக்குக் காட்டியாச்சு. மிச்சத்தை யாரு திங்கறது, நீயே சொல்லு" என்று படத்திடம் கேட்டுவிட்டு வாயில் போட்டார்.

"ஏனுங்க!"

பொட்டலம் கீழே.

"பிரசாதம் அம்மணி. பிரசாதத்துல சுகர் ஏறாது."

"அப்ப எரநூத்திப் பன்னெண்டு ஆகாசத்துல இருந்து வந்துச்சுங்களா?"

"எறும்புதான் காட்டிக் குடுத்துப்போடும்னு இருந்தேன், நீயே வந்துட்ட."

என் கடைக்கு ஒரே சட்டம்: விற்கிற சாமிக்குப் பூ வைக்கக் கூடாது. பூ வைத்தால் அது சரக்கு இல்லை, சாமி. பித்தளைக் குடத்தை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து விற்ற காலத்திலிருந்து மீறியதில்லை. இவருக்கும் தெரியும்.

கத்தினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ பாட்டுக்கு சரக்கெடுக்கப் போயிடற. மில்லுல இருந்தப்ப மிசின் சத்தத்துல பேச முடியாது. இப்பப் பேசலாம், ஆளில்ல. இவன் ஒருத்தன்தான் கேட்டுட்டிருந்தான்."

பொட்டலத்தை எடுத்து வெளியே கொட்டினேன். பூவை எடுக்க மறந்துவிட்டேன்.

மறந்தேன் என்றுதான் எழுதிக்கொள்கிறேன்.

ஜூலை 12, சனி
நல்ல வெயில். மில் முதலாளி பத்தரைக்கு. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பொன்தகடு பிடித்தது. விரிசல்கூடப் பரவாயில்லை என்றார். பிறகு வாடிய மல்லிகையைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இது விக்கற படமா, கும்பிடற படமா?"

வீ.கா. வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இருந்ததே இரண்டு ஜோடி.

"கும்பிடறதுங்க." என் வாய்தான் சொன்னது.

"போன்லயே சொல்லியிருந்தா எனக்கு டீசல் மிச்சமுங்க." சிரித்தார். ஒரு தூக்கு விளக்கு எடுத்துப்போனார், நல்ல மனுஷன்.

போன காசை இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொய் எதற்கு.

ஜூலை 13, ஞாயிறு
படம் வீட்டில், ஜன்னல் பக்கம். வீ.கா.வுக்கு வாயெல்லாம் பல்.

கட்டினவராக இருந்தாலும் சும்மா கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. உட்கார வைத்துப் பேசினேன்.

"வெள்ளிக்கெழமைக்கு மட்டும் ஒரு கல்கண்டு?"

"துளசிங்க. அதையே படைங்க, அதையே தின்னுங்க."

வாலாங்குளத்தை இரண்டு சுற்று நடக்க வேண்டும் என்றேன். அரை என்றார்.

முடிந்த விலை: தினம் காலை ஒரு சுற்று. படையல், துளசி மட்டும். ஒரு நாள் தவறினாலும் படம் கடைக்குத் திரும்பும். அவர் பக்கத்து நிபந்தனை ஒன்றே ஒன்று: நானும் கூட நடக்க வேண்டும். அவர் பேச, நான் கேட்க. நடுவில் போன் எடுக்கக் கூடாது.